கூரை முதலில், முகப்பு பிறகு
பழைய திரையரங்குகள்: வாசகர் கேள்வி – பதில்

பழைய திரையரங்குகளின் வரலாறு, பராமரிப்பு பற்றி வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்தெடுத்துப் பதில் தந்திருக்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: எண்பது ஆண்டுக்கு மேல் பழமையான திரையரங்கு ஒன்றை எங்கள் அறக்கட்டளை வாங்கியிருக்கிறது. பத்து வருடமாகப் பூட்டிக் கிடந்தது. கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான். முகப்பையும் பெயர்ப்பலகையையும் முதலில் சரிசெய்தால் நன்கொடை வரும் என்கிறார்கள் உறுப்பினர்கள். அப்படியே செய்யலாமா?

வேண்டாம். முதல் பணம் கூரைக்கும் மழைநீர்க் குழாய்களுக்கும்தான் போக வேண்டும். பூட்டிக் கிடக்கும் திரையரங்கைக் கெடுப்பதில் தண்ணீரை மிஞ்சியது எதுவுமில்லை. ஒரு வடிகால் குழாயில் இலை அடைத்தால் போதும். கூரையில் தேங்கும் நீர் சுவருக்குள் இறங்கும், உத்தரத்தின் முனைகள் சுவரில் பதிந்த இடத்தில் துருவோ உளுத்தலோ தொடங்கும். அது வெளியே தெரிவதற்குள் பல வருடம் ஓடிவிடும். தட்டைக் கூரை என்றால் பாரத்தையும் கணக்கில் எடுங்கள். 1922 ஜனவரி 28 அன்று வாஷிங்டனின் நிக்கர்பாக்கர் திரையரங்கில் பனியின் எடை தாங்காமல் தட்டைக் கூரை இடிந்து 98 பேர் இறந்தார்கள். தேங்கிய மழைநீரும் எடைதான்: ஒரு சதுர மீட்டரில் 10 சென்டிமீட்டர் ஆழம் நின்றால் 100 கிலோ.

அடுத்தது உட்கூரை. அந்தக் காலத்து அலங்கார உட்கூரைகளில் பெரும்பாலானவை ஜிப்சம் சாந்தைச் சணல் துணியில் தோய்த்து, மரச் சட்டங்கள் வைத்து அச்சில் வார்த்த பலகைகள். லண்டனில் 1856-இல் தெஸாஷி என்பவர் காப்புரிமை பெற்ற முறை இது. பார்ப்பதற்குக் கல்போல இருந்தாலும் உள்ளே மெல்லியதுதான். மேலே இருக்கும் உத்தரங்களிலிருந்து கம்பியாலும், சாந்தில் நனைத்த சணல் துணித் துண்டுகளாலும் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தத் துணிக் கட்டுகள்தான் முதலில் தளரும். ஈரம் பட்டால் சணல் இற்றுப்போகிறது. கீழிருந்து பார்ப்பவருக்கு ஒரு விரிசல்கூடத் தெரியாது. 2013 டிசம்பர் 19 அன்று லண்டன் அப்பல்லோ நாடக அரங்கில் காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே உட்கூரையின் ஒரு பகுதி விழுந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 1901-இல் கட்டிய அரங்கு அது. விசாரணையில் தெரியவந்த காரணம், நாள்பட்டு நலிந்துபோன துணி, சாந்துக் கட்டுகள்.

ஆகவே உள்ளே பொதுமக்களை விடுவதற்கு முன், உட்கூரைக்கு மேலே ஏறிப் பாருங்கள். பலகை விரித்து உத்தரங்களின் மேல்தான் நடக்க வேண்டும், சாந்தின் மேல் ஒரு அடிகூட வைக்கக்கூடாது. ஒவ்வொரு கட்டுக்கும் எண் கொடுத்துப் புகைப்படம் எடுங்கள். கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடுகிறதா, பொடி உதிர்கிறதா, துரு இருக்கிறதா, பழுப்பு நீர்க்கறை இருக்கிறதா என்று குறியுங்கள். அதன் பிறகு கீழே சாரம் கட்டி, விரல் முட்டியால் தட்டிக் கேளுங்கள். மந்தமான ஓசை வரும் இடத்தில் சாந்து அடுக்கு பிரிந்திருக்கலாம். சரிசெய்ய, பழைய கட்டுகளை எடுக்காமல் அவற்றுக்குப் பக்கத்திலேயே புதிய கட்டுகளைத் துருப்பிடிக்காத கம்பியோடு போடுவதுதான் வழக்கம். இதை அனுபவமுள்ள சாந்து வேலைக்காரரும் கட்டமைப்புப் பொறியாளரும் சேர்ந்து செய்ய வேண்டும். ஒருமுறை பார்த்ததோடு விட்டுவிடாமல், சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கும் ஏற்பாடும் வேண்டும். உட்கூரைக்கு மேலே பழைய மின்விசிறி, உடைந்த ஏசி குழாய் போன்றவற்றை விட்டுவைத்திருந்தால் முதலில் அவற்றை இறக்குங்கள். அந்தச் சாந்து தன் எடையைத் தாங்கத்தான் செய்யப்பட்டது.

பெயர்ப்பலகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதன் எழுத்துகள் கழன்று விழாதபடி கட்டி மட்டும் வையுங்கள்.

கேள்வி: ஆபரேட்டர் அறையின் பரணில் தகர டப்பாக்களில் ஃபிலிம் ரீல்கள் கிடைத்தன. சிலவற்றில் காடி வாடை. இரண்டு டப்பாக்களில் ஃபிலிம் ஒட்டிப் பிசுபிசுவென்றும் ஓரத்தில் பழுப்புப் பொடியாகவும் இருக்கிறது. என்ன செய்வது?

அந்த இரண்டு டப்பாக்களைப் பொறுத்தவரை இன்றே செயல்படுங்கள். பிசுபிசுப்பும் பழுப்புப் பொடியும் நைட்ரேட் ஃபிலிம், அதாவது எளிதில் தீப்பற்றும் பழைய வகை ஃபிலிம், அழுகுவதன் அடையாளங்கள். முதலில் படம் மங்கி மஞ்சளிக்கும், அடுத்து மேல்பூச்சு ஒட்டும், நுரை கிளம்பும், சுருள் கட்டியாகும், கடைசியில் பொடியாகும். அழுகிய நைட்ரேட் சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே, வெப்பம் நீடித்தால், தானாகத் தீப்பற்றக்கூடியது. எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்வதால் மணலைக் கொட்டி மூடியோ தண்ணீர் ஊற்றியோ அணைக்க முடியாது. வரும் புகையும் நஞ்சு.

டப்பாவை இழுக்காமல், தட்டாமல், வெயில் படாமல் நிழலான காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். மூடியை டேப் போட்டு இறுக்க வேண்டாம். வாயு வெளியேற வழி வேண்டும். பக்கத்தில் பல்ப் எரியக்கூடாது, யாரும் புகைபிடிக்கக்கூடாது. தீயணைப்புத் துறைக்கும் ஃபிலிம் ஆவணக் காப்பகத்துக்கும் சொல்லுங்கள். குப்பையில் போடுவதும், சாதாரணக் கூரியரில் அனுப்புவதும் கூடவே கூடாது. முக்கியமான இன்னொன்று: அழுகத் தொடங்கிய சுருளிலும் உள்ளடுக்கில் நல்ல பகுதி மிஞ்சியிருக்கலாம். எந்தப் படம் என்று தெரிவதற்குள் எதையும் அழித்துவிடாதீர்கள். ஃபிலிம் காப்பகங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1938 முதலே இயங்கிவருகிறது. அதன் உறுப்புக் காப்பகம் ஒன்றிடம் கேட்டால் வழிகாட்டுவார்கள்.

காடி வாடை அடிப்பவை நைட்ரேட்டுக்கு மாற்றாக வந்த அசிடேட் ஃபிலிம். தீப்பிடிக்கும் பயம் இல்லை. ஆனால் சிதைவில் பிறக்கும் அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும், பக்கத்து டப்பாவையும் பாதிக்கும். அவற்றைத் தனியே பிரித்து, குளிர்ச்சியாகவும் உலர்ந்தும் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

ஓரத்தில் ‘சேஃப்டி’ (தீப்பற்றாத ஃபிலிம்) என்ற எழுத்து இருந்தால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதை மட்டும் நம்பக்கூடாது. பிரதி எடுக்கும்போது மூலப் பிரதியின் ஓர எழுத்தும் சேர்ந்து பதிந்திருக்கலாம். காலம் ஓரளவு உதவும்: அசிடேட்டில் ஒரு வகையான டிரைஅசிடேட் ஃபிலிம் 1948-இல் வந்தது, கோடாக் நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் நைட்ரேட் தயாரிப்பை நிறுத்தியது. அதற்கு முந்தைய 35 மி.மீ. சுருள் எதுவானாலும் நைட்ரேட் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: பழைய ஆபரேட்டர் அறைகள் ஏன் இரும்புக் கதவும் சின்னச் சின்ன ஜன்னலுமாகக் கருவூலம்போல் இருக்கின்றன?

மேலே சொன்ன அந்த நைட்ரேட் ஃபிலிமால்தான். 1897 மே 4 அன்று பாரிஸில் ஒரு அறச்சந்தையில் படம் காட்டிக்கொண்டிருந்த கருவியின் ஈதர் விளக்கிலிருந்து தீ கிளம்பி 120-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டத் தொடங்கி ஒன்றரை ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. பிரிட்டனில் 1909-இல் வந்த சினிமாட்டோகிராஃப் சட்டம், கருவியைத் தீப்பிடிக்காத தனி அறைக்குள் வைக்க வழிசெய்தது. மற்ற நாடுகளின் விதிகளும் இதே திசையில் போயின. தீ அரங்குக்குள் வராமல் தடுத்தால் மட்டும் போதாது என்பதையும் காலம் காட்டியது. 1929 டிசம்பர் 31 அன்று ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகர கிளென் திரையரங்கில் ஒரு ஃபிலிம் டப்பாவிலிருந்து வந்த புகையைக் கண்டு ஓடிய குழந்தைகள், திறக்க முடியாத வாசலில் நெரிபட்டு எழுபது பேர் அளவில் இறந்தார்கள். தீயே அரங்குக்குள் வரவில்லை.

உங்கள் அறையின் ஜன்னல்களுக்கு மேலே தொங்கும் இரும்புத் தகடுகளை எடுத்துவிடாதீர்கள். ஒரு சங்கிலியில் சுமார் 70 டிகிரியில் உருகும் உலோக இணைப்பு இருக்கும். அது உருகினால் தகடுகள் எல்லாம் ஒருசேர விழுந்து மூடும். பெயின்ட் அடிக்கும்போது அந்த இணைப்பின் மேலும் பூசிவிடுவது நாங்கள் அடிக்கடி காணும் தவறு. பூச்சு ஏறிய இணைப்பு உரிய நேரத்தில் விடாது.

கேள்வி: கார்பன் குச்சிகளை எரித்து ஒளி தரும் பழைய புரொஜக்டர்கள் இரண்டு இருக்கின்றன. மறுபடி ஓட்ட முடியுமா? இல்லை, முன்கூடத்தில் காட்சிக்கு வைத்துவிடலாமா?

முடிந்தவரை ஆபரேட்டர் அறையிலேயே, ஓடும் நிலையில் வையுங்கள். முன்கூடத்துக்கு வந்த இயந்திரத்தின் பாகங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். அதோடு, இரண்டு இயந்திரம் ஏன் இருந்தது என்பதும் அந்த அறையில்தான் விளங்கும். 2,000 அடி ரீல் ஒன்று, நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில், சுமார் 22 நிமிடம் ஓடும். ரீல் முடியும் தறுவாயில் படத்தின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி மின்னும். ஆபரேட்டர் அடுத்த இயந்திரத்தின் மோட்டாரைப் போடுவார். சுமார் ஏழு விநாடி கழித்து இரண்டாவது புள்ளி, மாற்றிவிடுவார். பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

கையால் சுற்றிப் பார்ப்பதற்கு முன் மின்சாரம் கொடுக்கவே கூடாது. பழைய எண்ணெய் அரக்குபோல இறுகியிருக்கும். மோட்டாரைப் போட்டால் பல்சக்கரத்தின் பல் உடையும். கைப்பிடியால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல், மெல்லிய எண்ணெய் விட்டு ஒன்றிரண்டு நாள் ஊறவிடுங்கள். பழைய எண்ணெயை வடித்துக் கழுவிய பிறகு, அந்த இயந்திரத்துக்கு உரிய தரத்து எண்ணெயை விடுங்கள். ஃபிலிமை நிறுத்தி நிறுத்தி இழுக்கும் சிலுவைப் பெட்டிக்குப் பல இயந்திரங்களில் எண்ணெய் தனி. நான்கு பள்ளமுள்ள அந்தச் சிலுவை ஒரு முறை கால்சுற்றுச் சுற்றினால், 16 பல் கொண்ட சக்கரம் நான்கு பல் நகரும். அதுவே ஒரு பிரேம். விநாடிக்கு 24 முறை. இதில் தேய்மானம் இருந்தால் திரையில் படம் மேலும் கீழும் நடுங்கும். சக்கரப் பற்கள் கொக்கிபோல வளைந்திருந்தால் ஃபிலிமின் துளைகளைக் கிழிக்கும், மாற்றியே ஆக வேண்டும். விளக்கின் முன் ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் ‘கேட்’டின் அழுத்தம் அதிகமானாலும் இதே சேதம். குறைந்தால் படம் நிலைகொள்ளாது.

முதலில் உதவாத ஃபிலிம் துண்டு ஒன்றை வளையமாக ஒட்டி, விளக்கில்லாமல் ஓட்டி, கீறல் விழுகிறதா என்று பாருங்கள். ஒலி சரியாக வருகிறது, உதட்டசைவு மட்டும் பொருந்தவில்லை என்றால், கேட்டுக்குக் கீழே ஃபிலிமைத் தளர்வாக விடும் கீழ் வளையத்தின் அளவு தவறு. ஒலித்தடம் படத்துக்கு 21 பிரேம் முன்னால் பதிந்திருக்கும். கேட்டுக்கும், ஒலித்தடத்தைப் படிக்கும் ஒலித்தலைக்கும் இடையே அந்த நீளம் இருந்தாக வேண்டும்.

எந்தப் பழைய பிரதியையும் ஏற்றுமுன் சுருக்கத்தை அளந்துவிடுங்கள். 100 பிரேமின் சரியான நீளம் 1,900 மி.மீ. மேசையில் நீட்டி அளந்தால் 15 மி.மீ.-க்கு மேல் குறைகிறதா? அதை ஓட்டாதீர்கள். நைட்ரேட் பிரதியை எந்த நிலையிலும் ஓட்டக்கூடாது.

விளக்குப் பகுதியில்தான் ஆபத்து அதிகம். விளக்குக்குப் போகும் பழைய வயர்களின் உறை பெரும்பாலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்). அதைக் கையால் உரிக்காமல், அதற்கென்று உள்ள பணியாளரிடம் விடுங்கள். நேர்மின்சாரம் தரும் பாதரசக் குமிழ் இன்னும் இருந்தால், அது பெரிய கண்ணாடிப் பாத்திரம், உள்ளே பாதரசம், நகர்த்த வேண்டாம். கார்பன் குச்சிகள் ஈரம் உறிஞ்சியிருந்தால் தெறிக்கும், காயவைத்துப் பயன்படுத்துங்கள். 45 ஆம்பியர் அளவிலான விளக்குக்கு 7 மி.மீ. நேர்முனைக் குச்சியும் 6 மி.மீ. எதிர்முனைக் குச்சியும் பொதுவான இணை. புகைபோக்கி விசிறி ஓடாமல் கார்பனை எரிக்கக்கூடாது. குச்சி கிடைக்காத இடங்களில் செனான் விளக்குக்கு மாறலாம். ஆனால் அதன் படிகக் குழாய்க்குள் அணைந்திருக்கும்போதும் வளிமண்டலத்தைப்போல் பல மடங்கு அழுத்தம். முகக்கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல் தொடக்கூடாது. பழைய கார்பன் பாகங்களைக் கழற்றினால் எண்ணிட்டு அதே அறையில் வையுங்கள்.

கேள்வி: முந்தைய நிர்வாகம் திரைக்கு வெள்ளை பெயின்ட் அடித்திருக்கிறது. அதன் பிறகு பேச்சு தெளிவாக இல்லை என்று ஆட்கள் சொல்கிறார்கள். சம்பந்தம் உண்டா?

உண்டு. பேசும்படம் வந்த பிறகு ஸ்பீக்கர்கள் திரைக்குப் பின்னால் போயின. ஒலி வெளிவரத் திரை முழுவதும் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய துளைகள் இருக்கும். மொத்தத்தில் பரப்பின் 5 சதவீதம் அளவு. பெயின்ட் அவற்றை அடைத்துவிட்டால் உயர் சுருதிகள் அடிபடும். ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகள் மங்கிப் பேச்சு குழறலாகும். ஊசியால் குத்தித் திறக்க முயல வேண்டாம், திரை கிழியும். புதிய துளைத்திரைதான் தீர்வு. மாட்டியதும் ஃபிலிம் இல்லாமல் நடுவில் ஒளியை அளந்தால் சதுர மீட்டருக்கு 55 கேண்டெலா (ஒளியை அளக்கும் அலகு) வர வேண்டும், டிஜிட்டலுக்கு 48.

கேள்வி: மர நாற்காலிகளை எடுத்துவிட்டு மெத்தை இருக்கை போட்டால் எதிரொலி குறையும் என்கிறார்கள். மர நாற்காலிகளை விட மனமில்லை.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். அமெரிக்க இயற்பியலாளர் சபைனின் சூத்திரம்: அரங்கின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால், ஓசை அடங்க எத்தனை விநாடி ஆகும் என்று வரும். 6,000 கன மீட்டர், 800 இருக்கை, சுவர், தரை, திரைச்சீலை எல்லாம் சேர்ந்து 500 சதுர மீட்டர் உறிஞ்சுகிறது என்று கொள்வோம். வெறும் மர நாற்காலி ஒன்று 0.03 சதுர மீட்டர் அளவுதான் உறிஞ்சும். மெத்தை இருக்கை 0.35. மரத்தோடு காலி அரங்கில் 1.8 விநாடி, மெத்தையோடு 1.2. ஆள் நிறைந்தால் இரண்டுமே 1.1 விநாடிக்கு வந்துவிடும், ஏனென்றால் உட்கார்ந்திருக்கும் மனிதரே நன்றாக உறிஞ்சுவார். பாதி நிறையும் நாட்களில்தான் மர நாற்காலி சிரமம் தரும்.

எனவே நாற்காலிகளை அப்படியே விட்டு, பின்சுவரைக் கவனியுங்கள். வளைந்த பின்சுவர் ஒலியை முன்வரிசையில் குவித்துத் திருப்பி அனுப்பும். நேராக வந்த ஒலியைவிட 17 மீட்டருக்கு மேல் சுற்றி வந்தால் காதுக்கு அது தனி எதிரொலி. அங்கே 50 மி.மீ. கனிமக் கம்பளியை, சுவரிலிருந்து 50 மி.மீ. இடைவெளி விட்டு, தனிச் சட்டத்தில் பொருத்தித் துணியால் மூடுங்கள். சுவரில் தரைவிரிப்பை ஒட்டுவது பெருந்தவறு: உயர் சுருதியை மட்டும் விழுங்கும், அடித்தொனி முழங்கிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே உள்ள, ஒலியை உறிஞ்சும் ஓடுகளுக்குப் பெயின்டும் அடிக்காதீர்கள், துளைகள் அடைபடும். அவற்றில் கல்நார் இருக்கிறதா என்று பரிசோதித்த பிறகே கை வையுங்கள்.

கேள்வி: சுவரின் பழைய நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெயிலும் கையும் படாத இடங்களைத் தேடுங்கள்: விளக்குக் கூட்டின் பின்புறம், படிக்கட்டின் அடிப்பகுதி, பின்னாளில் அடித்த பலகைக்குப் பின்னால். கூர்மையான கத்தியால் 10 மி.மீ. அகலப் படிகளாக, ஒரு படிக்கு ஒரு அடுக்கு என்று சுரண்டிக்கொண்டே போனால் எல்லாப் பூச்சும் வரிசையாகத் தெரியும். சுரண்டும்போது ஈயப் பூச்சாக இருக்கலாம் என்று முகமூடி போடுங்கள். ஒரு இடத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது, அரங்கு முழுவதும் பல இடங்களில் பாருங்கள். அடியில் கிடைக்கும் முதல் நிறம் வெறும் அடிப்பூச்சாகவும் இருக்கலாம். அடுக்குகளுக்கு நடுவே புகைக்கரி படிந்திருந்தால், அந்தப் பூச்சு வருடக்கணக்கில் வெளியே தெரிந்தது என்று அர்த்தம்.

கேள்வி: எங்கள் திரையரங்கு திறந்த ஆண்டுக்கு மூன்று விதமான கதை இருக்கிறது. எதை நம்புவது?

அடிக்கல், கட்டட அனுமதி, முதல் காட்சி ஆகிய மூன்றுக்கும் மூன்று ஆண்டு இருப்பது சகஜம். முதல் காட்சிக்கு நாளிதழ் விளம்பரமே நல்ல சாட்சி. உரிமம் வழங்கிய பதிவையும் தீக்காப்பீட்டு வரைபடத்தையும் அதோடு ஒப்பிடுங்கள். பிரான்சின் லா சியோத்தாவில் உள்ள ஈடன் அரங்கு 1889-இல் மேடை அரங்காகத் திறந்தது, 1899-இல் அங்கே லூமியேர் படங்கள் கட்டணத்துக்குக் காட்டப்பட்டன, புதுப்பித்து 2013-இல் மீண்டும் திறந்தார்கள். பலகையில் எழுதும்போது எந்த ஆண்டு எதைக் குறிக்கிறது என்றும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: அரங்கை இரண்டு, மூன்று திரைகளாகப் பிரித்தால்தான் வருமானம் வரும் என்கிறார் ஆலோசகர்.

ஓடாத திரையரங்கைக் காப்பாற்றுவது கடினம், ஆகவே வருமானத்தை நாங்கள் அலட்சியம் செய்ய மாட்டோம். ஆனால் எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பால்கனியின் விளிம்பிலிருந்து உட்கூரை வரை சுவர் எழுப்புவதைவிட, பால்கனிக்கு அடியில் சின்ன அரங்கு அமைத்து, பெரிய வெளியை அப்படியே விடுவது நல்லது. புதிய சுவர் தன் காலில் நிற்கும் தனிச் சட்டமாக இருக்கட்டும். பழைய சாந்து அலங்காரத்தில் ஆணி அடிக்காதீர்கள், அதன் வளைவுகளுக்கு ஏற்பப் புதிய பலகையை வெட்டிக்கொள்ளுங்கள். சத்தம் கசியாமலிருக்க, ஒன்றையொன்று தொடாத இரட்டைச் சுவர் வேண்டும்; கனமான ஒற்றைச் சுவர் அடித்தொனியை விட்டுவிடும்.

பிரிப்பதற்கு முன் திரைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். 1953-இல் சினிமாஸ்கோப் வந்தபோது, பழைய மேடை வளைவுக்கு முன்னால் அகலத் திரையை நிறுத்திய அரங்குகள் பல. அந்த வளைவு இன்னும் முழுசாக இருக்கலாம். வளைவு 11 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், அதற்குள்ளேயே 4.6 மீட்டர் உயரத்தில் ஸ்கோப் படமும், 8 மீட்டர் உயரத்தில் பழைய 1.37 வடிவப் படமும் (அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்கு) காட்டலாம். மேலும் கீழும் ஏறி இறங்கும் கறுப்புத் துணி ஓரம் ஒன்று போதும். வளைவை உடைக்கவோ மூடவோ தேவையில்லை.